மணல் திட்டில் இரண்டு டேங்கர்கள்: குந்தூஸ் வழக்கும் அலட்சியம் என்ற கேள்வியும்

ஜார்ஜ் டவுன் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குரிய ஒரு விபத்து வழக்கின் குற்றப்பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்த என் ஜூனியர், ஒரு மாலை கோப்பை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: “சார், பிரேக் சரியாப் பிடிக்காத லாரி டிரைவருக்கு 304ஏ இருக்கு. குண்டு போட உத்தரவு குடுத்தவருக்கு என்ன இருக்கு?” 304ஏ என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கான பிரிவு. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பினேன். ஏன் ஒன்றுமில்லை என்பதை விளக்க, ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மாதந்தோறும் கூடித் தீர்ப்பு படிக்கும் வட்டத்தில் இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன. எடுத்துக்கொண்ட வழக்கு, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 2021 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த ‘ஹனான் எதிர் ஜெர்மனி’. போரில் பொதுமக்கள் இறந்த வழக்குகள் உலகில் ஏராளம் இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உத்தரவிட்ட அதிகாரி யாரையும் வேண்டுமென்றே கொல்ல நினைத்த கொடியவர் என்று இதில் எவரும் நிலைநாட்டவில்லை; ஆகவே, அலட்சியம் என்ற கேள்வி வேறெதனுடனும் கலக்காமல் தனியாக நிற்கிறது.

நடந்தது

2009 செப்டம்பர் 3 அன்று, வடக்கு ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் பகுதியில் இரண்டு எரிபொருள் டேங்கர் லாரிகளைத் தலிபான்கள் கைப்பற்றினார்கள். ஆற்றைக் கடக்க முயன்றபோது அவை நடுவில் இருந்த மணல் திட்டில் சிக்கிக்கொண்டன. அங்கிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தொலைவில், நேட்டோ தலைமையிலான பன்னாட்டுப் படையின் பகுதியாக இயங்கிய ஜெர்மானிய இராணுவ முகாம் இருந்தது. அதன் தளபதி கர்னல் கியோர்க் கிளைன். கடத்தப்பட்ட டேங்கர்களை உருளும் வெடிகுண்டுகளாக மாற்றி முகாமின் மீது செலுத்திவிடுவார்களோ என்பது அவருடைய அச்சம். அந்த வட்டாரத்தில் அப்போதிருந்த நிலைமையில் அது வெறும் கற்பனை என்று ஒதுக்கத்தக்கதன்று.

லாரிகள் நகராததால், கைப்பற்றியவர்கள் அவற்றின் பாரத்தைக் குறைக்க முனைந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் எரிபொருள் பிடிக்கப் பாத்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு வந்த இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் மேலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களில் மனிதர்கள் வெப்பப் புள்ளிகளாக மட்டுமே தெரிந்தனர். எந்தப் புள்ளி ஆயுதம் வைத்திருக்கிறது, எந்தப் புள்ளி குடம் வைத்திருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாது. அதைச் சொன்னவர், தொலைபேசியில், இன்னொருவர் வழியாகப் பேசிய ஓர் ஆப்கான் தகவலாளர். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் கிளர்ச்சியாளர்கள், பொதுமக்கள் ஒருவரும் இல்லை என்றார் அவர். குறைந்தது ஏழு முறை அவரிடம் அதைக் கேட்டு உறுதிசெய்யும்படி கிளைன் செய்தார் என்பது விசாரணையில் பதிவாகியுள்ளது.

விமானிகள் ஒரு யோசனையைப் பலமுறை முன்வைத்தார்கள்: முதலில் தாழப் பறந்து காட்டினால் அங்கிருப்பவர்கள் கலைந்துவிடுவார்கள், அதன்பின் லாரிகளைத் தாக்கலாம் என்று. கிளைன் அதை ஏற்கவில்லை. விமான உதவியைப் பெறுவதற்காக, தம் படையினர் எதிரியோடு நேரடி மோதலில் இருப்பதாக அவர் தரப்பு அறிவித்திருந்தது. உண்மையில் மணல் திட்டுக்கு அருகில் ஜெர்மானியப் படைவீரர் ஒருவரும் இல்லை. செப்டம்பர் 4 அதிகாலை 1:49 மணிக்கு இரண்டு 500 பவுண்டு குண்டுகள் விழுந்தன.

இறந்தவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மிக உயர்ந்த மதிப்பீடு 142 வரை செல்கிறது. மனுதாரர் அப்துல் ஹனானின் இரண்டு மகன்கள் அதில் இறந்தார்கள். மூத்தவனுக்கு 12 வயது, இளையவனுக்கு 8.

இந்த இடத்தில் வட்டத்தில் நடந்த பேச்சைப் பதிவுசெய்வது அவசியம் என்று கருதுகிறேன். தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்குப் பின்புறம் வளர்ந்த மாணவர் ஒருவர், வரிசைகட்டி நிற்கும் டேங்கர்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவர், “டேங்கர் மாட்டிக்கிச்சு, டீசல் சும்மா கெடைக்குதுன்னா ஊரே வரும் சார். தலிபான் மட்டும் எப்படி வருவான்?” என்று கேட்டார். மண்ணடியிலிருந்து வரும் இன்னொருவர் நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, அது ரம்ஜான் மாதத்தின் நடுப்பகுதி என்றார். நோன்பு மாதத்தில் இரவு ஒன்றரை மணிக்கு மண்ணடியின் தெருக்கள் எப்படி இருக்கும் என்பதை வடசென்னைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. தொழுகை முடித்துப் பேசிக்கொண்டிருப்பவர்களும் சஹர் உணவுக்குக் காத்திருப்பவர்களுமாக ஊர் விழித்தே இருக்கும். நள்ளிரவில் வெளியே நடமாடுகிறவன் கிளர்ச்சியாளனாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகம், ஆண்டின் மற்ற பதினொரு மாதங்களில் ஓரளவு செல்லக்கூடும்.

அலட்சிய வழக்கில் நீதிமன்றம் கேட்கும் முதன்மையான கேள்வி இதுதான்: அந்த நிலையில், அந்தப் பொறுப்பில் இருந்த நிதானமுள்ள ஒருவர் இதை முன்கூட்டியே உணர்ந்திருப்பாரா? நம் மாணவர்கள் இருவரும் அதை ஒரு நிமிடத்தில் உணர்ந்தார்கள் என்பதால் கிளைன் குற்றவாளி ஆகிவிட மாட்டார். பகல் வெளிச்சத்தில், மின்விசிறிக்கடியில், முடிவு தெரிந்த பிறகு உணர்வது எளிது. ஆனால் கேள்வி அபத்தமானது அல்ல என்பதற்கு அந்த ஒரு நிமிடம் சான்று.

ஐந்து வாரங்கள்

அரசியல் விளைவுகள் விரைவாக வந்தன. சம்பவம் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்து, பின்னர் தொழிலாளர் துறைக்கு மாறியிருந்த பிரான்ஸ் யோசப் யுங், 2009 நவம்பர் 27 அன்று பதவி விலகினார். படைத்தலைமை அதிகாரியும் துறைச் செயலர் ஒருவரும் பதவியிழந்தனர். ஜெர்மானிய நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. இவை அனைத்தும், தகவல்கள் மறைக்கப்பட்டனவா, யாருக்கு எப்போது தெரியும் என்பவற்றைச் சுற்றியே பெரிதும் சுழன்றன.

குற்றவியல் பக்கத்தில், கூட்டாட்சித் தலைமை அரசு வழக்கறிஞர் 2010 மார்ச் 12 அன்று முறையான புலனாய்வைத் தொடங்கி, ஏப்ரல் 16 அன்று அதை முடித்துவைத்தார். இடைப்பட்டது ஐந்து வாரம். அதற்கு முன் சில மாதங்கள் பூர்வாங்க ஆய்வு நடந்தது என்பதையும், விமானத்தின் காணொளியும் வானொலி உரையாடலும் பதிவுகளாகவே கையில் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எண்ணூர் சாலை விபத்து வழக்குகளில் நமக்கு அப்படிப்பட்ட சான்று ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆயினும், முடித்துவைத்ததற்குச் சொல்லப்பட்ட சட்டக் காரணத்தில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் இந்தச் செயலைக் குற்றமாக்க இரண்டு வாசல்கள் இருந்தன. முதலாவது, 2002 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டுக் குற்றங்கள் சட்டத்தொகுப்பின் 11ஆவது பிரிவு. ஒரு தாக்குதலால் எதிர்பார்க்கப்படும் இராணுவப் பயனுக்குப் பொருந்தாத அளவில் பொதுமக்கள் இறப்பார்கள் என்பதை ‘உறுதியாக எதிர்பார்த்துத்’ தாக்கியவருக்கு மட்டுமே அது பொருந்தும். ‘எதிர்பார்த்திருக்க வேண்டும்’ என்பது அங்கே போதாது. ‘நடக்கலாம் என்று தெரிந்தும் துணிந்தார்’ என்பதும் போதாது. பொதுமக்கள் இல்லை என்று கிளைன் நம்பினார் என்று வழக்கறிஞர் முடிவுசெய்ததும் இந்த வாசல் அடைபட்டது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டமும் இதே போக்கிலேயே அமைந்தது; அதன் 30ஆவது உறுப்பு, நோக்கமும் அறிவும் இருந்தால்தான் பொறுப்பு என்று பொதுவிதி வகுக்கிறது. போர்க்குற்றம் என்ற பெரிய சொல்லை அலட்சியத்தின் மீது ஒட்டக்கூடாது என்பது உலக நாடுகளின் பொதுவான முடிவு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

இரண்டாவது வாசல், சாதாரணத் தண்டனைச் சட்டம். அதன் 222ஆவது பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கிறது. இந்தப் பிரிவுக்குக் கொலை நோக்கம் தேவையில்லை; உறுதியான அறிவும் தேவையில்லை. போர்க்குற்றப் பிரிவு பொருந்தவில்லை என்றால் இது பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் நம் ஊர் முறை: கொலைக்கான 302 நிற்கவில்லையா, கொலையாகாத மரணத்துக்கான 304 பார், அதுவும் நிற்கவில்லையா, 304ஏ பார். வழக்கறிஞரும் இந்தப் பிரிவைப் புறக்கணித்துவிடவில்லை. ஆப்கானிஸ்தானில் நடந்தது உள்நாட்டு ஆயுத மோதல். ஆகவே போர் நடத்தையை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு மனிதநேயச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தாக்குதலில் நேரும் மரணம் நியாயப்படுத்தப்பட்டது. நியாயப்படுத்தப்பட்ட செயல் குற்றமாகாது என்று அவர் அடுக்கினார். தாக்குதல் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதைத் தாக்கியவர் அந்த நேரத்தில் அறிந்திருந்ததை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றும், தம்மால் இயன்ற முன்னெச்சரிக்கைகளை அவர் எடுத்துவிட்டார் என்றும் முடித்தார். பன்னாட்டுப் படையின் உள்விதிகள் மீறப்பட்டிருந்தாலும் அவை படையின் உள்விவகாரம், குற்றப் பொறுப்பை உருவாக்கா என்பதும் அவருடைய நிலைப்பாடு. பொதுமக்கள் சாவதைக் குறைப்பதற்காக விமானத் தாக்குதல்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கும் உத்தரவை அந்தப் படையின் தளபதி மக்கிறிஸ்டல் பிறப்பித்தது 2009 ஜூலையில்தான். மணல் திட்டுக்கு இரண்டு மாதம் முன்பு.

இங்கே ஒரு நுட்பமான இடமாற்றம் நிகழ்கிறது. ‘அவர் என்ன நம்பினார்’ என்பது முதல் வாசலுக்குரிய கேள்வி. ‘அப்படி நம்புவதற்கு முன் எவ்வளவு கவனம் செலுத்தினார்’ என்பது இரண்டாவது வாசலுக்குரியது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையே இரண்டாவது வாசலையும் ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. ஏழு முறை கேட்டார் என்பது கவனத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏழு முறையும் ஒரே வாயிடம் கேட்டார் என்பதை எந்தக் குறுக்கு விசாரணையும் தொடவில்லை. ஒரே சாட்சியை ஏழு முறை கூண்டில் ஏற்றினால் ஏழு சாட்சிகள் ஆகிவிடுவார்களா என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டபோது சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்த வழக்கில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

இன்னொன்றையும் இங்கே குறிக்க வேண்டும். ஆப்கான் பணியைப் போர் என்று சொல்வதை ஜெர்மானிய அரசு ஆண்டுக்கணக்கில் தவிர்த்துவந்தது. நிலைநிறுத்தும் பணி என்பதே அதிகாரபூர்வமான சொல்லாட்சி. 2010 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் அதை ஆயுத மோதல் என்று நாடாளுமன்றத்தில் வகைப்படுத்தினார். ஒரு சொல் மாறினால் 222ஆவது பிரிவின் வலிமையும் மாறும் என்பதைச் சட்டம் படிப்பவர்கள் கவனிக்காமல் போகக்கூடாது.

கையில் இருந்த டார்ச்

இதே நிகழ்வு இந்தியச் சட்டத்தின் கீழ் எப்படிப் போயிருக்கும் என்று பார்ப்பதற்கு, நமக்கு 304ஏவை விடவும் பயன்படுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 79ஆவது பிரிவு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 17. நிகழ்வு பற்றிய தவறான எண்ணத்தால், தம் செயல் சட்டத்தால் நியாயப்படுத்தப்பட்டது என்று நல்லெண்ணத்துடன் நம்பிச் செய்தவர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது அது. கிளைன் சொன்னதும் இதுதான். ஆனால் நம் சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லுக்கே ஒரு முள் உண்டு. பழைய 52ஆவது பிரிவின்படி, உரிய கவனமும் அக்கறையும் இன்றிச் செய்யப்பட்டது எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது ஆகாது. அதாவது, நம்பினேன் என்று சொன்னால் போதாது. கவனித்து நம்பினேன் என்று காட்ட வேண்டும். ஜெர்மானிய முடிவில் பிரிந்துபோன இரண்டு கேள்விகளை நம் சட்டம் ஒரே சொல்லுக்குள் கட்டிவைத்திருக்கிறது.

இதனால் இந்திய நீதிமன்றம் கிளைனைத் தண்டித்திருக்கும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. ‘ஒரிசா அரசு எதிர் ராம் பகதூர் தாபா’ என்ற வழக்கு சட்டக் கல்லூரியில் எல்லாரும் படிப்பது. பேயைப் பார்க்க ஆசைப்பட்ட முதலாளியோடு, கைவிடப்பட்ட ஒரு பழைய விமானத்தளத்துக்குள் இரவில் போன நேபாளி வேலைக்காரர், மினுக்கும் வெளிச்சத்தைச் சுற்றி அசைந்த உருவங்களைப் பேய் என்று நம்பிக் குக்ரிக் கத்தியால் வெட்டினார். அவர்கள் பூப்பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள், ஒருவர் இறந்தார். கையில் டார்ச் இருந்தும் அடித்துப் பார்க்கவில்லையே என்பது அரசுத் தரப்பு வாதம். கூடுதல் கவனம் செலுத்தியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது மட்டுமே 79ஆவது பிரிவின் பாதுகாப்பை மறுக்கப் போதாது என்று சொல்லி, அவருடைய விடுதலையை ஒரிசா உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பை நான் எப்போதும் சற்றே சங்கடத்தோடுதான் கற்பித்துவந்திருக்கிறேன். குந்தூஸ் வழக்கைப் படித்த பிறகு சங்கடத்தின் காரணம் தெளிவாகியது. தாபா பேய்க்கு அஞ்சிய எளிய வேலைக்காரர். அவருடைய கவனத்தை அவருடைய நிலைக்கு ஏற்ப அளந்தார்கள். கிளைன் பயிற்சிபெற்ற கர்னல்; விமானிகள் அவருக்கு டார்ச்சை நீட்டினார்கள், பலமுறை நீட்டினார்கள். தாழப் பறத்தல் என்பது அந்த டார்ச். அதை வாங்க மறுத்ததற்கு அவரிடம் நியாயமான காரணம் இருந்திருக்கலாம்: எச்சரித்தால் கிளர்ச்சியாளர் தலைவர்கள் தப்பிவிடுவார்கள் என்று அவர் கருதியிருக்கலாம். அப்படியானால் அந்த இரவின் இலக்கு டேங்கர்களா, மனிதர்களா என்ற கேள்வி எழுகிறது; முகாமுக்கு ஆபத்து டேங்கர்களால் என்றால், மனிதர்கள் கலைந்த பிறகும் டேங்கர்கள் மணலில் அங்கேயேதான் நின்றிருக்கும். இதற்கு விடை எதுவாக இருந்தாலும் அது திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தாபாவுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் டார்ச்சைப் பற்றிய கேள்வி கூண்டில் நின்றவரின் முன்னிலையில் வாதிடப்பட்ட பிறகு கிடைத்தது.

நடைமுறையில், இந்தியாவில் அந்தக் கேள்வி கூண்டுவரை வருமா என்பது வேறு கதை. நம் சட்டம் குற்றத்தின் வரையறையில் கதவை அடைக்கவில்லை. வாசலில் காவலாளியை நிறுத்தியிருக்கிறது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதியின்றி வழக்கு நடவாது. நாகாலாந்தின் ஓட்டிங்கில் 2021 டிசம்பர் 4 அன்று, சுரங்க வேலை முடிந்து பிக்அப் வண்டியில் வீடு திரும்பிய எட்டுப் பேர் மீது இராணுவத்தினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அடையாளத் தவறு என்று நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. மாநிலச் சிறப்புப் புலனாய்வுக் குழு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், அனுமதி மறுக்கப்பட்டதால், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னாளில் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்ற வரியோடு. இன்னொரு வழி இராணுவ நீதிமன்றம். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் விமானப்படையே தன் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியதில் ஆறு படையினரோடு தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் இறந்தார். அதற்கு இராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. ஆறு பேர் சீருடையில் இல்லாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று வட்டத்தில் எழுந்த கேள்வியை நான் பதிவுசெய்கிறேன். விடை சொல்லத் துணியவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் சொன்னதும் சொல்லாததும்

ஹனானின் மனுவைத் தூசெல்டோர்ஃப் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளியது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் தள்ளியது. பின்னரே வழக்கு, ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றது. பேரமர்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஆப்கானிஸ்தானில் நடந்த மரணம் என்றாலும், தன் படையினரின் கடுங்குற்றங்களை விசாரிக்கும் தனி அதிகாரத்தை ஜெர்மனி தன்னிடமே வைத்திருந்ததாலும், பன்னாட்டுச் சட்டப்படி விசாரிக்கும் கடமை அதற்கு இருந்ததாலும், அந்த விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது; மூன்று நீதிபதிகள் இதில் மாறுபட்டார்கள். அடுத்து, விசாரணை போதுமானதாக இருந்தது, வாழ்வுரிமையின் நடைமுறைப் பகுதி, அதாவது மரணத்தை ஒழுங்காக விசாரிக்கும் கடமை, மீறப்படவில்லை என்று ஒருமனதாக முடித்தது.

இந்த ஒருமனதான முடிவைத் தாக்குதல் சரியானது என்பதற்குச் சான்றாக மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன். அது பிழை. நீதிமன்றத்தின் முன் இருந்தது விசாரணை பற்றிய முறையீடு மட்டுமே. குண்டு போட்டது சரியா என்று அது சொல்லவே இல்லை. விசாரணையின் மையம் கிளைனின் மனதில் என்ன இருந்தது என்பதாக இருந்ததால், அதற்குத் தேவையான சான்று கிடைத்துவிட்டது என்று அது திருப்தியடைந்தது. கேள்வியைக் குறுக்கினால் விசாரணையும் முழுமையானதாகத் தோன்றும் என்பது இந்தத் தீர்ப்பின் மீது என் குறை. ஆனாலும், அயல்நாட்டில் தன் படை செய்த மரணத்துக்கு உள்நாட்டில் விசாரணைக் கடமை உண்டு என்ற முதல் பகுதி சிறிய லாபமல்ல.

இங்கே நம் உயர் நீதிமன்ற வளாகத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அதன் நினைவுக் கல் இன்றும் வளாகத்தின் மதிலில் இருக்கிறது. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு நம் பேச்சில் இருக்கிறது. அந்த இரவிலும் உயிர்கள் போயின. அன்றைய சட்டம் 1907ஆம் ஆண்டின் ஒன்பதாம் ஹேக் உடன்படிக்கை. போர்ப் பொருள் கிடங்குகளைக் கடலிலிருந்து சுடத் தளபதிக்கு உரிமை உண்டு என்றும், அப்போது நேரும் ‘தவிர்க்க முடியாத’ சேதத்துக்கு அவர் பொறுப்பல்ல என்றும் அதன் இரண்டாம் உறுப்பு கூறுகிறது. நூறாண்டுக்கு மேல் பழைய அந்த வாசகம், தவிர்த்திருக்கக்கூடிய சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தன் மறுபக்கத்தில் சுமந்திருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, 57ஆவது உறுப்பில், இயன்ற முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்று அந்தக் கடமையை வெளிப்படையாக எழுதியது. ஆனால் அதன் 85ஆவது உறுப்பு, வேண்டுமென்றும் அறிந்தும் செய்த மீறல்களையே கடுங்குற்றமாக்கியது. கடமை ஒரு பக்கத்தில், தண்டனை வேறொரு பக்கத்தில். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவேயில்லை.

பிற நாடுகளின் பதிவும் பெரிதாக வேறுபடவில்லை. அதே குந்தூஸில் 2015 அக்டோபர் 3 அன்று எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அமெரிக்க விமானத்தால் தாக்கப்பட்டு 42 பேர் இறந்தபோது, பதினாறு பேர் மீது நிர்வாக நடவடிக்கை எடுக்கப்பட்டது; வேண்டுமென்றே செய்ததல்ல என்பதால் குற்ற வழக்கு இல்லை. காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று டிரோன் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்ததற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. 2020 ஜனவரி 8 அன்று 176 பேருடன் உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதற்கு ஈரானிய இராணுவ நீதிமன்றம் 2023இல் பத்துப் படையினரைத் தண்டித்தது. அந்த விசாரணையின் நேர்மையை இறந்தவர்களின் குடும்பங்களே ஏற்கவில்லை. எனினும், மரணத்துக்கு வழிவகுத்த கவனமின்மையைப் படையினர் மீது குற்றமாகச் சுமத்துவது இயலாத காரியம் அல்ல என்பதை அது காட்டுகிறது.

ஜெர்மனி, குந்தூஸ் குடும்பங்களுக்குச் சட்டப் பொறுப்பை ஏற்காமல், கருணைத் தொகையாகத் தலா 5,000 டாலர் வழங்கியது. இழப்பீட்டு வழக்கை 2016 அக்டோபர் 6 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அரசு ஊழியரின் கடமைத் தவறுக்கு அரசு பொறுப்பேற்கும் சட்டம், வெளிநாட்டில் நடக்கும் ஆயுத மோதலுக்குப் பொருந்தாது என்பது காரணம். கிளைன் 2013இல் பிரிகேடியர் ஜெனரலாகப் பதவி உயர்வு பெற்றார்.

இரண்டாவது அமர்வின் முடிவில், இந்த நிகழ்வை நம் காவல் நிலையத்துக்கு எழுதும் புகாரின் வடிவில் எழுதிக்கொண்டு வரும்படி சொன்னேன். பிரிவு எல்லாரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) என்று எழுதியிருந்தார்கள். பழைய 304ஏவின் இரண்டாண்டுத் தண்டனை இப்போது அதில் ஐந்தாண்டு, ஜெர்மானிய 222இன் அதே அளவு. சாட்சிகள் பட்டியலில் தகவலாளரை முதலில் போட்டவர்கள் உண்டு, விமானிகளைப் போட்டவர்கள் உண்டு. முதலில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஜூனியர் மட்டும் தகப்பனாரை முதல் சாட்சியாகப் போட்டிருந்தார். மணல் திட்டில் என்ன தெரிந்தது என்று அவரால் சொல்ல முடியாதே என்றேன். “பையன் அந்த நேரத்துல ஏன் போனான்னு அவர்தானே சார் சொல்லணும்?” என்றார். விசாரணையை முடித்துவைப்பதற்கு முன் ஜெர்மானிய வழக்கறிஞர் ஹனானை விசாரிக்கவில்லை. அதனால் விசாரணை குறைபட்டுவிடவில்லை என்று தீர்ப்பு கூறுகிறது.